விலையை முதலில் யார் சொல்வது?

அனிமேஷன் செல் (கார்ட்டூன் படத்துக்காக வண்ணம் தீட்டிய ஒளிபுகும் தாள்) விற்பவர்தான் முதலில் விலை சொல்ல வேண்டும். டிஸ்னிலேண்டின் ஆர்ட் கார்னர் கடையில் 1950களில் அசல் செல்களே சில டாலருக்கு, விலை குறித்து விற்கப்பட்டன. வாங்குவோரை யாரும் ஊகிக்க வைக்கவில்லை. இன்றோ "நீங்களே ஒரு விலை கேளுங்கள்" என்கிறார்கள் பலர். ஒரு செல்லைப்போல் இன்னொன்று இருக்காது, சந்தை விலை என்று எதைச் சொல்வது என்பது அவர்கள் வாதம். உண்மைதான். ஒரே காட்சியில் கண் திறந்திருக்கும் செல்லுக்கும் பாதி மூடியதற்கும் விலை வேறு. ஆனால் அதைத் திருப்பிப் பார்த்து, பின்புற வண்ணம் வெடித்திருக்கிறதா, பென்சில் வரைதாள் ஒட்டிக்கொண்டதா, புளித்த காடி வாடை அடிக்கிறதா என்று அறியக்கூடியவர் கையில் வைத்திருப்பவர் மட்டுமே. அறிந்தவரே மதிப்பிடுவதுதான் நியாயம்.

குறைத்துச் சொல்லி ஏமாந்துவிடுவோமோ என்ற பயம் இருந்தால், கொஞ்சம் கூட்டிச் சொல்லி, பேரத்துக்கு இடமுண்டு என்றும் சேர்த்துச் சொல்லலாம். ஒருவர் கேட்ட விலையைக் காட்டி இன்னொருவரிடம் ஏற்றப் பார்ப்பதுதான் மன்னிக்க முடியாதது. வாங்குபவருக்கும் கடமை உண்டு: கேட்ட விலைக்கு விற்பவர் சம்மதித்த பிறகு பின்வாங்கக் கூடாது. விற்பவர்களே, விலையைப் போடுங்கள். செல்லின் பின்புறப் படத்தையும் போடுங்கள்.