நாட்பட்ட ஜவ்வுக் கிழிசலுக்குக் கத்தி தேவையா?

களியக்காவிளைப் பக்கம் கால்முட்டு பிசகினால் இன்றும் பலர் முதலில் போவது வர்ம ஆசானிடம்தான். எண்ணெய் போட்டுக் கட்டி மூன்று வாரம் இருந்தால் வீக்கம் வடியும், வலி போகும். வெறும் சுளுக்கென்றால் அத்தோடு சரி. உள்ளே முன்சிலுவை ஜவ்வு (ACL) முழுக்க அறுந்திருந்தால் கதை வேறு. மூட்டு நீரில் நனைந்து கிடக்கும் ஜவ்வில் ரத்தம் உறைந்து நிற்காது. முனைகள் தாமாகச் சேர்வது அரிது. மாதங்கள் கழித்து, ரப்பர் தோட்டத்துச் சரிவில் பால்வெட்ட இறங்கும்போதோ, தூத்தூர்க் கடலோரத்தில் பந்தோடு திரும்பும்போதோ முட்டு வழுகும். ஒவ்வொரு வழுகலும் உள்ளேயிருக்கும் குருத்தெலும்புச் சவ்வையும் கிழிக்கலாம்.

'ஜவ்வைத் தைப்பது' என்று பேசுகிறோம். பழைய கிழிசலில் பெரும்பாலும் தைக்கத்தக்க ஜவ்வு மிஞ்சுவதில்லை. பின்தொடையிலிருந்தோ முட்டுச்சிரட்டைக்குக் கீழிருந்தோ தசைநாண் எடுத்து, எலும்பில் துளையிட்டுப் புது ஜவ்வாகப் பொருத்துகிறார்கள்.

இது பயன் தருமா? 2010இல் வெளிவந்த ஸ்வீடன் ஆய்வைக் காட்டி, பயிற்சியே போதும் என்பார்கள். அந்த 121 பேரும் அடிபட்டு நான்கு வாரத்துக்குள் வந்தவர்கள். நாட்பட்ட முட்டுக்கு அந்தச் சாட்சி செல்லாது. 2022இல் 'லான்செட்' வெளியிட்ட பிரிட்டன் ஆய்வுதான் நம் கேள்வியை நேராகக் கேட்டது. நாளாகியும் முட்டு வழுகிக்கொண்டிருந்த 316 பேரில், 18 மாதம் கழித்து, முட்டின் நிலைக்கான மதிப்பெண் அறுவை அணிக்கு 100க்கு 73. பயிற்சி அணிக்கு 64.6. பயிற்சி அணியில் 41 விழுக்காட்டினர் இடையிலேயே அறுவைக்குப் போயிருந்தார்கள். அறுவை அணியில் 72 விழுக்காட்டினரே அதைச் செய்துகொண்டார்கள். இந்தக் கலப்பு உண்மையான வேறுபாட்டைக் குறைத்துக் காட்டியிருக்கலாம். மறுபுறம், மதிப்பெண் நோயாளி தானே சொன்னது. அறுவைமேல் வைத்த நம்பிக்கையும் அதில் சேர்ந்திருக்கும். இரண்டையும் கழித்துப் பார்த்தாலும் தராசு அறுவைப் பக்கமே சாய்கிறது என்பேன்.

ஆனால் எல்லோருக்கும் அல்ல. சமதரையில் நடந்து, முட்டு வழுகாமல் வாழ்பவருக்குக் கத்தி வேண்டாம். பின்னாளில் தேய்மானம் வராது என்ற வாக்குறுதிக்கும் உறுதியான சான்றில்லை. சரிவில் வேலை செய்பவருக்கும், களத்துக்குத் திரும்ப விரும்பும் இளைஞருக்கும் அறுவை நியாயமானது. அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. பொருத்திய நாண் முதலில் ரத்த ஓட்டமின்றி நலிந்து, பிறகே மெல்ல ஜவ்வாக மாறும். ஒன்பது மாதத்துக்கு முன் பந்தைத் தொடக்கூடாது. அதுவரை தொடைத்தசைப் பயிற்சி விடாமல் நடக்கவேண்டும். பால்வெட்டுக் கூலியை நம்பும் வீட்டில் அந்த மாதங்களை எப்படி ஓட்டுவது என்பதை, அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே மருத்துவர் கேட்டாக வேண்டும்.