சந்திரசேகரின் நிலைத்தன்மை நூலும் இணைவு உலைகளும்

சுப்பிரமணியன் சந்திரசேகரின் தந்தைவழி முன்னோர் தஞ்சை மாவட்டச் சிற்றூர்களில் நிலம் வைத்திருந்தவர்கள். அவரது ‘ஹைட்ரோடைனமிக் அண்ட் ஹைட்ரோமேக்னடிக் ஸ்டெபிலிட்டி’ (1961), பாயும் பொருள் எப்போது நிலைகுலையும் என்ற ஒரே கேள்வியை அறுநூறு பக்கங்களுக்கு மேல் ஆராய்கிறது. இணைவு ஆற்றல் பயில்வோர் முதலில் இதைப் படிக்க வேண்டும் என்பது பாதி சரியான அறிவுரை.

நூலின் பலம் பதினோராம் அத்தியாயத்தில் தெரிகிறது. மதகு வழியே பாயும் நீர் தேங்கிய நீரை உரசும் இடத்தில் சுழி விழுவதைக் காவிரிப் படுகையில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். வேக வேறுபாடே அங்கு அலையை வளர்க்கிறது. ஓட்டத்தின் திசையில் காந்தப்புலம் இருந்தால் அலை அடங்கும். இரு அடுக்குகளின் அடர்த்தியும் புலமும் சமமானால், வேக வேறுபாடு ஆல்வென் வேகத்தின் (புலக்கோடுகள் வழியே அலை செல்லும் வேகம்) இரு மடங்கைத் தாண்டாதவரை ஆபத்தில்லை. ஆனால் புலம் எப்போதும் நண்பனல்ல. சுழலும் திரவத்தில் மெல்லிய புலம் நிலைகுலைவைத் தூண்டும் என்பதை வெலிகோவ் 1959இலும் சந்திரசேகர் 1960இலும் காட்டினர். வானியலாளர்கள் அதன் பெறுமதியை உணர 1991இல் பால்பஸும் ஹாலியும் வர வேண்டியிருந்தது.

சிக்கல் நூலின் முறையில் இருக்கிறது. சிறு அசைவு வளருமா, தேயுமா என்பதோடு கணக்கு நின்றுவிடுகிறது. டோகாமாக் என்னும் வளைய உலையில் வளர்ந்து முடிந்த கொந்தளிப்புதான் வெப்பத்தை வெளியே கடத்துகிறது. 1982இல் ஜெர்மனியின் ஆஸ்டெக்ஸ் கருவியில், வெப்பமூட்டல் ஓர் அளவைத் தாண்டியதும் பிளாஸ்மா திடீரென வெப்பத்தை நன்றாகக் காத்துக்கொண்டது. வாக்னர் குழு கண்ட இந்த ‘எச்-நிலை’க்கு விளக்கமாக அமைந்தது பிக்லாரி, டயமண்ட், டெர்ரி ஆகியோரின் 1990ஆம் ஆண்டுக் கோட்பாடு. வாய்க்காலில் மிதக்கும் நுரைத்திட்டை வேகமான நடுநீரும் மெதுவான கரைநீரும் இழுத்து அறுப்பதுபோல, இடத்துக்கு இடம் வேகம் மாறும் ஓட்டம் சுழிகளைக் கிழிக்கிறது. சுழி சிறுத்தால் வெப்பம் தாவும் தூரமும் குறைகிறது. நூலில் குற்றவாளியான வேக வேறுபாடு இங்கே காவல் நிற்கிறது. அதைவிட வியப்பு, கொந்தளிப்பே இத்தகைய ஓட்டங்களைப் பிறப்பித்துத் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வது. நேர்கோட்டுக் கணக்கில் இதற்கு இடமே இல்லை.

1961ஆம் ஆண்டு நூலில் 1982ஐத் தேடுவது அநியாயம்தான். ஆனால் காஃப்மன், வாட்சனுடன் 1958இல் எழுதிய கட்டுரையில் சந்திரசேகரே பிளாஸ்மாவை மோதல் அரிதான துகள்களின் கூட்டமாகக் கையாண்டவர். நூலிலோ அது முழுக்க ஒற்றைத் திரவம். இணைவு உலைக்கு மிக அருகில் சென்ற தம் வேலையை அவரே வெளியே விட்டிருப்பது உண்மையான குறை. மாணவர் கூட்டே ஓட்டம் பற்றிய அத்தியாயங்களையும் பதினோராம் அத்தியாயத்தையும் கணக்குப் போட்டுப் படித்து, அடுத்து 1990ஆம் ஆண்டுக் கட்டுரைக்குச் செல்லலாம்.