ஏரிக்கரைப் படங்கள்

வடகிழக்குப் பருவமழை வலுத்துவிட்டால் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் கைப்பேசி ஏந்தாத கைகளைக் காண்பது அரிது. அங்கு எடுக்கப்பட்டு, கை மாறிக் கை மாறி என்னையும் வந்தடைந்த படங்கள் சிலவற்றை இங்கு ஆராய்வோம். அவை உண்மை பேசுகின்றனவா என்பதே நம் கேள்வி, அழகு பிறகு.

இது வீண் ஆராய்ச்சியன்று. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் கொண்ட இவ்வேரியிலிருந்து 2015 டிசம்பர் தொடக்கத்தில் விநாடிக்கு 29,000 கன அடி வரை, அதாவது ஏறத்தாழ 8.2 இலட்சம் லிட்டர் நீர், திறந்துவிடப்பட்டது. அன்று முதல் இவ்வேரியின் படம் ஒன்று வந்தாலே அடையாற்றங்கரையில் வாழ்வோர் மூட்டை கட்டத் தொடங்குவதில் வியப்பில்லை.

முதற்படம் தொலைவில் நின்று 'ஜூம்' செய்து எடுத்தது. மதகில் சீறும் நீர், பின்னால் நிற்கும் மனிதரின் காலடியிலேயே பாய்வது போன்ற தோற்றம். பலரும் இதற்கு லென்சைக் குறை கூறுவர், அது தவறு. நமக்கு முன்னே 5 மீட்டரில் ஒருவரும் 15 மீட்டரில் மற்றொருவரும் நிற்பதாகக் கொள்வோம். இருவரும் சம உயரமே ஆயினும் பின்னவர் மூன்றில் ஒரு பங்காகவே தெரிவார். நாம் 100 மீட்டர் பின்வாங்கினால் அவர்கள் 105, 115 மீட்டரில் இருப்பர்; இருவரும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரிவர். இடையிலுள்ள 10 மீட்டர் மறைந்தே போகும்! ஆக, காட்சியை நெருக்குவது நாம் நிற்கும் இடம், லென்சு அன்று. தவிர, தனித் தொலைநோக்கு லென்சு இல்லாத கைப்பேசியில் நான்கு மடங்கு 'ஜூம்' என்பது படத்தின் பதினாறில் ஒரு பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதேயாகும். 1.2 கோடிப் படப்புள்ளிகளில் 7.5 இலட்சமே மிஞ்சும்.

அடுத்தது அந்திப் படம். பால் பொங்கினாற்போல் நீர் வழிகிறது, கண்ணுக்கு இனிமைதான். ஒளி குறைந்தபோது கேமரா நீண்ட நேரம் திறந்திருக்கும். விநாடிக்கு 3 மீட்டர் ஓடும் நீர், விநாடியின் பதினைந்தில் ஒரு பங்கில் 20 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அலையும் சுழலும் அழிந்து, மூர்க்கமான வெள்ளம் சாதுவாகிவிட்டது.

காணொளியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கைப்பேசி இடமும் வலமும் அலைகிறது. எடுத்தவரின் பதற்றக் குரல் ஒன்றுதான் தெளிவு.

நான் பாராட்டுவது ஒரே ஒரு படத்தை. பார்வைக்குச் சாதாரணமானது, வானம் வெளுத்துக் கிடக்கிறது. (திரையில் கரையைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்திருந்தால் மேகம் தெரிந்திருக்கும்.) ஆனால் நீர்மட்ட அளவுகோலின் எண்களை ஐயமின்றிப் படிக்க முடிகிறது. நீர்விளிம்பு சாயாமல் கிடக்கிறது. எடுத்தவர் கரையை விட்டு இறங்காமல் முழங்கைகளைச் சுவரில் ஊன்றியிருக்க வேண்டும். லென்சையும் துணியால் துடைத்திருக்க வேண்டும், ஏனெனில் விரலெண்ணெய் படிந்த லென்சின் மங்கல் எங்குமில்லை. ஏரி நிரம்ப இன்னும் எத்தனை அடி என்பதை அப்படத்தைக் கொண்டு எவரும் கணக்கிடலாம்.

அதிலும் ஒரு குறை உண்டு. செய்தியாக அனுப்பும்போது, கோப்பில் பதிந்துள்ள நேரமும் இடமும் பெரும்பாலும் நீங்கிவிடும். படத்தின் கீழே நாளையும் மணியையும் எழுதி அனுப்பியிருந்தால், அதே படம் அடுத்த மழைக்கும் புதுச்செய்தியாக உலா வர இடமிராது.