உரிமைகோர ஆளில்லாத சாட்சியம்: வன்னிப் போர் எழுத்தில் பதின்வயதினர்

2009 மே மாதம் வன்னியின் முள்ளிவாய்க்காலில் முடிந்த இலங்கைப் போரைப் பற்றி எழுத்துக்குப் பஞ்சமில்லை. விடுதலைப் புலிகள் இயக்கத்தின் மகளிர் அரசியல்துறையை வழிநடத்திய தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' 2016இல் வந்தது. குணா கவியழகனின் 'நஞ்சுண்டகாடு' போராளியின் பயிற்சிக் களத்தையும், 'விடமேறிய கனவு' தடுப்பு முகாமையும் உள்ளிருந்து காட்டுகின்றன. கிளிநொச்சிக்காரரான தீபச்செல்வனின் 'நடுகல்' மாவீரன் ஒருவனின் வீட்டிலிருந்து பேசுகிறது. அப்போது பதினான்கு, பதினாறு வயதில் இருந்து தப்பிவந்த பிள்ளையின் சொந்தக் குரல்தான் இந்த வரிசையில் அரிது. அந்தப் பிள்ளை தப்பிய விதம் எந்தத் தரப்பின் கதைக்கும் உதவாது. குரல் எழாமற்போனதற்கு வயதைவிட இதுவே பெரிய காரணம்.

கடைசி மாதங்களில் 14 வயதுப் பிள்ளைகளையும் இயக்கம் படைக்குப் பிடித்துச் சென்றதை ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை பதிவுசெய்கிறது. தான் அறிவித்த பாதுகாப்பு வலயங்களுக்குள்ளேயே அரச படை செல்லடித்ததையும் அதே அறிக்கை சொல்கிறது. இந்த ஆள்பிடிக்குப் பயந்து தாய்மார் பிள்ளைகளைப் பங்கருக்குள் ஒளித்தார்கள். மணமானால் விடுவார்கள் என்று அவசர அவசரமாகத் தாலி கட்டிவைத்தார்கள். அனுக் அருட்பிரகாசம் 2016இல் ஆங்கிலத்தில் எழுதிய முதல் நாவல் அப்படியொரு கலியாணத்தைத்தான் சொல்கிறது. பிடிபட்ட பெண்பிள்ளைகளின் தலைமயிரைக் கட்டையாக வெட்டிவிட்டார்கள். ஓடிவந்தவளை இயக்கத்துக்குக் காட்டிக்கொடுத்த அந்தக் கட்டை மயிர், ஓமந்தைச் சோதனைச்சாவடியில் அவளைப் படையினருக்கும் காட்டிக்கொடுத்தது. ஒரு நாளாவது இயக்கத்தில் இருந்தவர்கள் பதியவேண்டும் என்று அங்கே ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டிருந்தார்கள். அவளின் கதையை முழுதாகக் கேட்டால் இரு தரப்புக்கும் சங்கடம்.

யூத இன அழிப்பில் தப்பிய பிள்ளைகளோடு இவர்களை ஒப்பிடலாமா என்று கேட்பது நியாயம். அங்கே பிறப்பே மரண தண்டனையாக இருந்தது. கொலைக்கூடங்கள் அதற்கென்றே கட்டப்பட்டன. இங்கே ஒப்பிடவேண்டியது சாவை அல்ல, சாட்சியம் சேர்த்த முறையை. போலந்தில் 1944இல் தொடங்கிய மத்திய யூத வரலாற்று ஆணையம் பிள்ளைகளிடம் கேட்பதற்கென்றே தனி வழிகாட்டியைத் தயாரித்தது. 1947இலேயே அவர்களின் வாக்குமூலங்கள் நூலாகின. பிள்ளை வளர்ந்து தானே எழுதுவதற்கோ நெடுங்காலம் பிடித்தது. 14 வயதில் அவுஷ்விட்ஸுக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஹங்கேரியரான இம்ரே கெர்தேஸின் நாவல் 1975இல்தான் வெளிவந்தது. வன்னியில், உடனே கேட்டுப் பதியும் முதல் வழி மெனிக் பாம் முகாமின் முட்கம்பிக்குள்ளேயே அடைபட்டுப் போயிற்று. படையினர் காவல்நிற்க, தறப்பாளுக்குள் இருந்து யார் வாய் திறப்பது? தானே எழுதும் இரண்டாவது வழி இன்னும் அடைபடவில்லை. அன்றைய பிள்ளைகள் இப்போதுதான் முப்பதைத் தாண்டுகிறார்கள்.

இத்தனை ஆண்டு கழித்துச் சொல்லும் நினைவை நம்பலாமா என்பது அடுத்த கேள்வி. நினைவு தேதியில் பிசகும், இடத்தை மாற்றும். ஆனால் கடதாசி மட்டும் நேர்மையாக இருந்ததா? 2009 பெப்ரவரியில் வன்னிக்குள் 3 இலட்சத்து 30 ஆயிரம் பேர் இருப்பதாகக் களத்தில் நின்ற அரச அதிகாரிகள் அறிவித்தார்கள். கொழும்பு அரசு 70 ஆயிரம் என்றது. போர் முடிந்தபோது முகாம்களுக்கு வந்துசேர்ந்தவர்களே இரண்டரை இலட்சத்துக்கு மேல். குறைத்த கணக்குக்கு வந்த நிவாரணத்துக்கு வரிசையில் நின்று வெறும் பாத்திரத்தோடு திரும்பிய பிள்ளையின் நினைவு, கொழும்பின் அந்தக் கடதாசியைவிட உண்மைக்குக் கிட்ட நிற்கிறது. ஒன்றை மற்றொன்றால் சரிபார்ப்பதுதான் ஆய்வு.

ஆள்பிடியைப் பேசினால் செல்லடித்தவன் தப்பிவிடுவான் என்ற அச்சமே எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு. அரசு ஆள்பிடியைக் கேடயமாக்கியது உண்மை. ஆனால் பாதியை மறைக்கும் சாட்சியின் மீதிப் பாதியையும் எந்த விசாரணையும் சந்தேகிக்கும். இரண்டையும் சொல்பவரை அப்படித் தள்ளிவிட முடியாது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் அச்சம் இன்னும் அகலாத மண்ணில், பெயர் மறைத்து, மூலப் பிரதியைப் பாதுகாத்துத்தான் இந்தச் சாட்சியச் சேகரிப்பு நடக்கவேண்டும். வவுனியாவில் பல்கலைக்கழகம் இருக்கிறது. கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் இருக்கின்றன. கெர்தேஸ்களுக்காகக் காத்திருப்பது இலக்கியத்துக்குச் சரிவரலாம், வரலாற்றுக்குச் சரிவராது. இந்தத் தலைமுறையிடம் இந்தப் பத்தாண்டுக்குள் போய்க் கேட்பது அந்த நிறுவனங்களின் கடமை.