ஓவர்டிரைவ் பட்டன், பவர் பட்டன்: எதை, எங்கே அழுத்துவது?

டெல்லி ஆர்.கே.புரம் மலை மந்திர் அடிவாரத்தில் போன மாதம் ஒரு வண்டிப் பூசை. எங்கள் பிளாக்கில் குடியிருப்பவர் 2019 மாடல் எர்டிகா ஆட்டோமேட்டிக்கை இரண்டாம் கையாக வாங்கியிருந்தார். நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கண்ணாடியில் சந்தனம் பூசி முடித்ததும் என்னைக் கூப்பிட்டார். “சார், கியர் லீவர்ல ஒரு பட்டன் இருக்கு. அழுத்தினா மீட்டர்ல ஒரு விளக்கு எரியுது. ஓவர்டிரைவாமே, அதைப் போட்டா வண்டி பறக்குமா?”

ஆறு வருஷமாக நான் ஓட்டுவதும் அதே வண்டிதான். பறக்காது என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் பறக்காது என்பதை அங்கே நின்றுகொண்டு சொல்லி முடிக்க நேரம் போதவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த எர்டிகாவில் 1,462 சிசி பெட்ரோல் எஞ்சின், டார்க் கன்வர்ட்டர், நான்கே கியர். மூன்றாம் கியரில் எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் கியர் பெட்டியிலிருந்து வெளியே வரும் தண்டும் ஒரு சுற்றுத்தான் சுற்றும். நான்காம் கியரில் எஞ்சின் ஏழு சுற்று முடிப்பதற்குள் தண்டு ஏறக்குறைய பத்துச் சுற்று போய்விடும். இப்படி எஞ்சினை முந்திக்கொண்டு தண்டு ஓடுகிற கியருக்குத்தான் ஓவர்டிரைவ் என்று பெயர். இதில் இழுவை குறைவு, சத்தம் குறைவு, பெட்ரோலும் மிச்சம். அது எப்போதும் வேலையில்தான் இருக்கிறது. பட்டனை அழுத்தினால் ‘ஓ/டி ஆஃப்’ விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் நான்காம் கியர் கிடையாது, வண்டி மூன்றோடு நின்றுகொள்ளும் என்று அர்த்தம். விளக்கு எரிகிறதே, ஏதோ கூடுதல் சக்தி வந்துவிட்டது என்று பலரும் நினைப்பது இந்த இடத்தில்தான்.

இதை நான் பெட்ரோல் செலவழித்துக் கற்றுக்கொண்டேன். ஒரு தடவை குடும்பத்தோடு ஆக்ரா கிளம்பினோம். வீட்டு வாசலில் வண்டியை எடுக்கும்போதே விரல் பட்டு பட்டன் அமுங்கியிருக்கிறது. யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் ஏறி, ஜேவர் சுங்கச் சாவடி வரும்வரை எஞ்சின் உறுமிக்கொண்டே வந்தது. பின் சீட்டில் இருந்த என் மனைவிதான், “என்னங்க, இன்னிக்கு வண்டி இவ்ளோ கத்துது?” என்றார். பார்த்தால் விளக்கு எரிகிறது. வழக்கமாக நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 16 காட்டும் திரை அன்று 12ஐத் தாண்டவில்லை. பட்டனை மறுபடி அழுத்தியதும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஆள் உட்கார்ந்ததுபோல சத்தம் அடங்கியது. 80 கிலோமீட்டர் வேகத்தில் மூவாயிரத்தை ஒட்டி நின்ற முள் ரெண்டாயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கிவிட்டது.

அப்படியானால் அந்தப் பட்டன் எதற்கு? மலைக்கு. டேராடூனிலிருந்து முசூரி சுமார் 35 கிலோமீட்டர்தான். அதற்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். ஏழு பேர், பெட்டிகள், ஏசி என்று போகும்போது கியர் பெட்டி நான்காம் கியருக்குத் தாவும், இழுவை போதாமல் மூன்றுக்குத் திரும்பும், சற்றுச் சமதளம் வந்தால் மறுபடி நான்கு. இந்தத் தாவல் உள்ளே இருப்பவர்களுக்கு எரிச்சல், கியர் பெட்டிக்குச் சூடு. நாங்கள் முசூரி போனபோது ஓ/டி ஆஃப் போட்டதும் வண்டி நிதானமாகிவிட்டது.

ஆனால் இந்தப் பட்டனின் முழு மதிப்பும் தெரிவது இறக்கத்தில்தான். டி-யில் விட்டுக் கீழே இறங்கினால் வண்டி தன்பாட்டுக்கு வேகம் பிடிக்கும். கால் பிரேக்கிலேயே கிடக்கும். சில கொண்டை ஊசி வளைவுகள் தாண்டுவதற்குள் பிரேக் பேடு கருகும் வாடை வரலாம். அந்த வாடைக்குப் பிறகு பிரேக் பிடிமானம் தளர்ந்துபோகலாம், உயிருக்கே ஆபத்து. நீண்ட, மிதமான இறக்கத்துக்கு ஓ/டி ஆஃப் போதும். செங்குத்தாக இறங்கும் இடத்தில் அது போதாது. வேகத்தைக் குறைத்துக்கொண்டு லீவரை ‘2’க்கு இழுத்துவிட வேண்டும். முசூரியிலிருந்து இறங்கும்போது நான் அப்படித்தான் செய்தேன். 35 கிலோமீட்டர் வேகத்தில் முள் ரெண்டாயிரத்தை ஒட்டி நின்றது. எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டது. வளைவுகளில் மட்டும் பிரேக்கைத் தொட்டேன். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறவர்களுக்கும் இதே பாடம்தான்.

பவர் பட்டன் வேறு சங்கதி. நண்பரின் இன்னோவா கிரிஸ்டா ஆட்டோமேட்டிக்கில் ஈக்கோ, பவர் என்று இரண்டு பட்டன்கள். 2020க்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் அது. 150 குதிரைத்திறன், ஆறு கியர். ஒரு ஞாயிறு காலை முனிர்காவில் ஏறி, 2019இல் திறந்த ராவ் துலாராம் மார்க் இரண்டாவது மேம்பாலம் வழியாக விமான நிலையப் பக்கம் போய்த் திரும்பினேன். பவர் போட்டதும் ஆக்சிலரேட்டரைக் கால்வாசி மிதித்தால் பாதி மிதித்த வேகத்தில் சீறுகிறது. மேல் கியருக்குப் போகவும் தயங்குகிறது. ஆனால் அந்த 150, 151 ஆகவில்லை. முழுசாக மிதித்தால் எந்த மோடிலும் வண்டியின் இழுவை ஒன்றுதான். பவர் பட்டன் மாற்றுவது நம் கால் பேசுவதை எஞ்சின் புரிந்துகொள்ளும் விதத்தை மட்டுமே.

நெடுஞ்சாலையில் லாரியை முந்த அது நன்றாக உதவுகிறது, ஒப்புக்கொள்கிறேன். எர்டிகாவில் அந்த வேலைக்குப் பட்டனே வேண்டாம். ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தினால் தானே கியர் இறங்கும். எதிரே வண்டி வரும் இருவழிச் சாலை என்றால் மட்டும், முந்துவதற்குச் சற்று முன்பே ஓ/டி ஆஃப் போட்டு வைப்பேன். அந்த அரை விநாடித் தாமதமும் மிச்சமாகும்.

ஆர்.கே.புரத்துக்குள்? இரண்டுமே தேவையில்லை. செக்டார் சாலைகளில் பள்ளிப் பிள்ளைகள், சைக்கிள் ரிக்‌ஷா, திடீரென்று குறுக்கே வரும் ஸ்கூட்டி. மாலை ஆறு மணிக்கு அவுட்டர் ரிங் ரோட்டில் பவர் மோடில் ஊர்ந்து பார்த்தேன். ஒவ்வொரு தடவை காலை வைக்கும்போதும் வண்டி குதித்தது. முன்னால் போகிறவரின் பம்பர்தான் கண்ணில் நின்றது. ஈக்கோவுக்கு மாற்றிய பிறகே நிம்மதி.

2022இல் வந்த எர்டிகாவில் ஆறு கியர், ஸ்டீரிங்குக்குப் பின்னால் கியர் மாற்றும் துடுப்புகள். ஓ/டி பட்டன் போய்விட்டது. வசதியில் இதுதான் மேல், சந்தேகமில்லை. ஆனால் இரண்டாம் கையாக நான்கு கியர் வண்டி வாங்குகிறவர்கள் இன்னும் நிறையப் பேர். ஜிம்னி ஆட்டோமேட்டிக்கும் நான்கு கியர்தான்.

எர்டிகா வாங்கிய எங்கள் பிளாக்காரர் அடுத்த மாதம் முசூரி போகிறார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஊருக்குள் விளக்கு அணைந்தே இருக்கட்டும். மலை இறங்கும் முதல் வளைவுக்கு முன்பே பட்டனை அழுத்துங்கள், செங்குத்து வந்தால் ‘2’க்குப் போங்கள். சமதளம் வந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.