காண்டலும் கருதலும்: சியாமளனின் ‘சைன்ஸ்’ திரைப்படத்தில் பதற்றக் கட்டமைப்பு

முன்னுரை

வேற்றுக்கோள் உயிரிகள் பூமியின்மீது படையெடுத்து வருதல் என்னும் பொருண்மைக்கு வலுவான இலக்கிய வடிவம் தந்தது, 1898இல் நூலாக வெளிவந்த எச். ஜி. வெல்ஸின் ‘த வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்’ புதினமாகும். அப்புதினம் 1938 அக்டோபர் 30இல் ஆர்சன் வெல்ஸால் அமெரிக்க வானொலி நாடகமாகவும், 1953இல் பைரன் ஹாஸ்கின், 2005இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் ஆகியோரால் திரைப்படமாகவும் ஆக்கப்பட்டது. இப்பொருண்மையைக் கையாண்ட படங்களுள் பல, படையெடுப்பின் பேரளவைக் காட்டியே அச்சத்தைத் தோற்றுவிக்கின்றன. எரியும் நகரங்களும் ஓடும் மக்களும் இராணுவ ஆலோசனைக் கூடங்களும் அவற்றின் வழக்கமான கூறுகளாகும்.

எம். நைட் சியாமளன் எழுதி இயக்கி 2002இல் வெளிவந்த ‘சைன்ஸ்’ இவ்வழக்கத்திலிருந்து விலகி நிற்கிறது. ‘அடையாளங்கள்’ எனப் பொருள்படும் தலைப்பைக் கொண்ட இப்படத்தில், உலகெங்கும் நிகழும் படையெடுப்பு பென்சில்வேனியா மாநிலத்தின் பக்ஸ் வட்டாரத்திலுள்ள ஒரு சோளப் பண்ணை வீட்டிற்குள் சுருக்கப்பட்டுள்ளது. ‘சஸ்பென்ஸ்’ என வழங்கப்படும் உணர்வை இக்கட்டுரை ‘பதற்றம்’ என்னும் சொல்லால் குறிக்கிறது. அப்பதற்றம் இப்படத்தில் எவ்வாறு கட்டப்படுகிறது என்பதையும், அது எங்கு குலைகிறது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் துறைசார் திரைப்பட ஆய்வுகளில் ஒரு பகுதி, கதைச்சுருக்கத்தையும் பாத்திரப் பண்பையும் கூறி அமைந்துவிடுகிறது. எதைக் காட்டுவது, எதை மறைப்பது, எப்போது ஒலியை மட்டும் தருவது என்னும் தேர்வுகளே திரைப்படத்தின் மொழி. அவற்றை விடுத்துக் கதையை மட்டும் ஆராய்வது, யாப்பையும் அணியையும் விடுத்துச் செய்யுளின் பொழிப்புரையை மட்டும் ஆராய்வதற்கு ஒப்பாகும்.

ஆய்வுக் கருவி

பதற்றம் குறித்துப் பெரிதும் எடுத்தாளப்படுவது ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், பிரான்சுவா திரூஃபோவுடனான நேர்காணலில் தந்த விளக்கமாகும். மேசைக்கடியில் வெடிகுண்டு இருப்பது பார்வையாளருக்கும் தெரியாமல் வெடித்தால் அது அதிர்ச்சி. பார்வையாளருக்குத் தெரிந்து, மேசையருகே அமர்ந்திருப்போருக்குத் தெரியாதிருந்தால் அது பதற்றம். அதாவது, பாத்திரத்தைவிடப் பார்வையாளர் மிகுதியாக அறிந்திருப்பதே அங்குப் பதற்றத்திற்கு அடிப்படை.

‘சைன்ஸ்’ படத்திற்கு இவ்விளக்கம் முழுமையாகப் பொருந்தவில்லை. படத்தின் பெரும்பகுதியில் கிரகாம் ஹெஸ் (மெல் கிப்சன்), அவர் தம்பி மெரில் (வாக்கீன் ஃபீனிக்ஸ்), குழந்தைகள் மார்கன் (ரோரி கல்கின்), போ (அபிகெய்ல் பிரெஸ்லின்) ஆகியோர் அறிந்த அளவே நாமும் அறிகிறோம். எனவே வேறொரு கருவி தேவைப்படுகிறது. அதனை மணிமேகலையிலிருந்து பெறலாம்.

‘சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதை’யில் அளவைவாதி கூறும் அளவைகளுள் முதலிரண்டு காண்டலும் கருதலும் ஆகும். நேரில் காண்பது காண்டல். ஏதுவைக்கொண்டு காணாததை உணர்வது கருதல். கருதல் அங்கு மூவகைப்படுத்தப்படுகிறது. காட்டில் எழும் ஒலியைக் கேட்டு அங்கு யானை உண்டென உணர்வது பொது. வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்ததென உணர்வது எச்சம். கருமுகிலைக் கண்டு மழை பெய்யும் என உணர்வது முதல். இவை முறையே நிகழ்வு, இறப்பு, எதிர்வு என்னும் முக்காலத்தோடும் இயைவதைக் காணலாம். இயக்குநர் தமிழ்க் காப்பியத்தை அறிந்து படம் எடுத்தார் என்பது இங்குக் கருத்தன்று. மாஹேயில் 1970இல் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர் என்னும் அவரது பிறப்புச் செய்தியும் இதற்குச் சான்றாகாது. அறிதல் பற்றிய படமொன்றை ஆராய, அறிதல் பற்றிய நம் மரபின் பகுப்பு பயன்படுகிறது என்பதே கருத்து.

மூவகைக் கருதல்

படம் எச்சத்தில் தொடங்குகிறது. காலையில் திடுக்கிட்டு விழிக்கும் கிரகாம், குழந்தைகளின் குரலைத் தொடர்ந்து சோளக்கொல்லைக்குள் ஓடுகிறார். பயிர் மடிந்து பெருவடிவமாகக் கிடக்கிறது. செய்தவர் எவர், எப்போது வந்தார் என்பன தெரியா. செய்யப்பட்டது மட்டும் எதிரே உள்ளது. வடிவத்தின் முழுமையை மேலிருந்து காட்டுவதற்கு முன்னரே, அதன் நடுவில் நிற்போரின் முகங்களைக் காட்டுகிறார் இயக்குநர். இறந்தகாலத்தைச் சுட்டும் ஏது இவ்வாறு நிகழ்காலத்து அச்சமாகிறது.

இரண்டாவதாகிய பொதுவை ஒலிகள் சுமக்கின்றன. இரவில் வீட்டுக் கூரையில் நிழலுருவொன்று தெரிகிறது. தொடர்ந்து சோளத்தட்டைகளின் சலசலப்பு கேட்கிறது. குழந்தையின் அழுகையைக் கேட்கும் பொருட்டு வைக்கப்படும் கருவியில் புரியாத ஒலிகள் எழுகின்றன. அவ்வொலி அறுந்துவிடாதிருக்கக் குடும்பத்தினர் நால்வரும் காரின்மேல் ஏறிக் கைகோத்து நிற்கும் நிகழ்ச்சி குறிப்பிடத்தக்கது. எதிரி திரையில் இல்லை. ஆனால் இப்போது, எங்கோ பேசிக்கொண்டிருக்கிறான். கானொலி கேட்டு யானையை உணரும் நிலை இதுவேயாகும்.

மூன்றாவதாகிய முதல், தொலைக்காட்சி வழியாக வருகிறது. மெக்சிகோ நகரின்மேல் விளக்குகள் நிற்கின்றன. அவை எதுவும் செய்வதில்லை. முகில் திரண்டது, மழை இன்னும் பெய்யவில்லை. படையெடுப்பின் உலகளாவிய பேரளவு முழுவதையும் வீட்டிலுள்ள சிறு பெட்டிக்குள் அடக்கி, அதனைப் பார்த்திருப்போரின் அமைதியை நீட்டுவதன்மூலம் எதிர்காலம் பற்றிய பதற்றம் கட்டப்படுகிறது.

கருதலுக்குத் துணையாகப் போலியும் பயன்படுத்தப்படுகிறது. கூரையில் தோன்றிய உருவத்தை அண்டைப்புறத்து இளைஞர்களின் குறும்பு எனக் கொண்டு, அண்ணனும் தம்பியும் வீட்டைச் சுற்றி இருபுறமும் ஓடுகின்றனர். இந்நிகழ்ச்சி நகைச்சுவையாகத் தொடங்கி, மனிதர் தாவவியலாத உயரத்திற்கு அவ்வுருவம் தாவியது தெரியும்போது வெருட்சியாக முடிகிறது. தவறான முடிவு கையிலிருக்கும்வரை மனிதர் சிரிக்கலாம். அது பொய்த்தபின் அவர்கட்கு வேறு முடிவு இல்லை, அவ்வெறுமையே அச்சமாகிறது.

காண்டலின் சிக்கனம்

கருதலை இவ்வாறு நீட்டும் இயக்குநர் காண்டலைச் சிறு துணுக்குகளாக மட்டுமே அளிக்கிறார். சோளக்கொல்லையில் கைவிளக்கொளியில் ஒரு கால் தெரிந்து பயிருக்குள் மறைகிறது. கால்நடை மருத்துவர் ரே ரெட்டியின் வீட்டில், பூட்டிய கதவின் கீழிடுக்கில் கிரகாம் ஒரு கத்தியை நுழைத்து அதன் பளபளப்பில் உட்புறத்தைக் காண முயல்கிறார். அவருக்குக் கிடைப்பது முகமன்று; கதவின் கீழாக நீளும் விரல்கள். நேரே காணவியலாதவன் கத்தியைக் கண்ணாக்குகிறான். அக்கண்ணே மீண்டும் கத்தியாகி விரல்களைத் துண்டிக்கிறது. ஒரே பொருள் அறிதலுக்கும் வன்முறைக்கும் கருவியாவது இந்நிகழ்ச்சியின் ஆழமாகும்.

பிரேசில் நாட்டுப் பிறந்தநாள் விழாவில் எடுக்கப்பட்டதாகக் காட்டப்படும் ஒளிப்பதிவு, படத்தின் நடுப்பகுதியில் இடம்பெறும் முதல் தெளிவான காண்டலாகும். அதுவும் தொலைக்காட்சிக்குள் அமைந்த, நடுங்கும் கையால் எடுக்கப்பட்ட படம். சாளரத்தை மறைத்து நிற்கும் குழந்தைகளை விலகுமாறு மெரில் தொலைக்காட்சியை நோக்கிக் கத்துகிறான். நம் விருப்பமும் அதுவே. அவர்கள் விலகிச் சில நொடிகளில் அவ்வுருவம் நடந்து மறைகிறது. மெரில் பின்னுக்குத் துள்ளுகிறான். காண வேண்டும் என்னும் வேட்கையைப் பார்வையாளரிடம் தூண்டி, அவ்வேட்கைக்கே அவரைத் தண்டிக்கும் உத்தி இங்குச் செயற்படுகிறது.

நிலவறை நிகழ்ச்சி இவ்வுத்தியின் உச்சமாகும். விளக்கு உடைந்து திரை ஏறத்தாழ இருளாகிறது. மூச்சும் தட்டலும் மட்டுமே எஞ்சுகின்றன. டாக் ஃபூஜிமோட்டோவின் ஒளிப்பதிவு காட்ட மறுப்பதால் வலிமை பெறுகிறது. தலைப்பிலிருந்தே ஒலிக்கும் மூன்று சுரத் தொடரைக்கொண்டு ஜேம்ஸ் நியூட்டன் ஹோவர்ட் அமைத்த இசையும், பல இடங்களில் விலகி நின்று மௌனத்திற்கு வழிவிடுகிறது.

ஸ்பீல்பெர்க்கின் 2005ஆம் ஆண்டுப் படமும் ஒரு குடும்பத்தின் பார்வையை விட்டு அகலாததே. எனினும் அங்கு முக்கால் இயந்திரம் படத்தின் முற்பகுதியிலேயே தெருவைப் பிளந்து முழுமையாக வெளிப்படுகிறது. அங்குக் காண்டல் அச்சத்தின் தோற்றுவாய், இங்குக் காணாமை.

இரட்டைப் பொருள்

இவ்வுத்தி வெறும் திகிலுக்காக அமையவில்லை என்பதே இப்படத்தின் தகுதியாகும். கிரகாம் துறவுடை துறந்த குருவானவர். உறங்கியபடி வண்டியோட்டிய ரே ரெட்டியால் அவர் மனைவி கோலின் இறந்தார். அந்த ரெட்டியாக, இந்தியப் பெயர் தாங்கிய குற்றவாளியாக, இயக்குநரே நடித்திருப்பது குறிப்பிடத்தக்கது. இறப்புக் காட்சியும் ஒரே முறையில் தரப்படாமல், கிரகாமின் நினைவாகப் பகுதி பகுதியாக விரிகிறது.

‘நம்மைக் காப்பவர் உண்டா?’ என்னும் வினாவும் ‘வெளியே இருப்பது யாது?’ என்னும் வினாவும் ஒரே அமைப்புடையன. இரண்டிலும் அடையாளங்கள் உள்ளன, காண்டல் இல்லை. பயிர்வடிவத்திலிருந்து ஒரு முடிவுக்கு வரத் தயங்காதவர், தம் வாழ்விலிருந்து எம்முடிவுக்கும் வர மறுக்கிறார். பதற்றத்தின் வடிவமே இவ்வாறு படத்தின் பொருளாகவும் ஆகிறது.

முடிவின் சிக்கல்

இறுதியில் அவ்வுயிரி வீட்டுக் கூடத்தில் மார்கனைத் தாங்கியபடி முழு வெளிச்சத்தில் நிற்கிறது. முதலில் அணைந்த தொலைக்காட்சித் திரையில் பிரதிபலிப்பாகத் தெரியும்போது அச்சம் எஞ்சியிருக்கிறது. நேரே தெரியும்போது அது குறைந்துவிடுகிறது. நீரால் அழியக்கூடியவை நீர் நிறைந்த கோளுக்கு ஏன் வந்தன என்று பலரும் வினவியுள்ளனர். வெல்ஸின் புதினத்திலும் செவ்வாய்க் கோளினர் நுண்ணுயிரிகளால் அழிகின்றனர் என்பதை நோக்க, இம்மரபில் எளிய பொருளால் வரும் முடிவு புதிதன்று. எனவே அது முதன்மையான குறையாகாது.

குறை வேறிடத்தில் உள்ளது. கோலினின் இறுதிச் சொற்கள் மெரிலை மட்டையை ஓங்கச் செய்கின்றன. போ ஆங்காங்கே வைத்த நீர்க்குவளைகள் படைக்கலமாகின்றன. மார்கனின் ஆஸ்துமா நச்சுக்காற்று நுரையீரலுள் செல்லாமல் காக்கிறது. எல்லா அடையாளங்களும் எச்சமின்றிப் பொருந்துகின்றன. உயிரியைக் காட்டியதுபோலவே காப்பவரையும் இயக்குநர் காட்டிவிடுகிறார். ஐயத்திற்கு இடமிருக்கும்வரையே கருதல் கருதலாகும், நம்பிக்கையும் அவ்வாறே. நிலவறையில் மூச்சுத்திணறும் மகனை அணைத்துக்கொண்டு, இறைவன்மீது சினந்து பேசும் கிரகாமிடம் இருந்த நம்பிக்கை, மீண்டும் குருவுடை அணிந்து நிற்கும் கிரகாமிடம் இருந்த நம்பிக்கையைவிட ஆழமானது. அங்கு அவருக்குச் சான்று எதுவுமில்லை. இங்குச் சான்று மிகுந்துவிட்டது.

முடிவுரை

‘சைன்ஸ்’ படத்தில் பதற்றம், பார்வையாளர் மிகுதியாக அறிவதால் அன்றி, பார்வையாளரும் பாத்திரமும் ஒருங்கே அறியாமையில் நிற்பதால் தோன்றுகிறது. பொது, எச்சம், முதல் என்னும் மூவகைக் கருதலும் முக்காலத்தையும் அச்சத்திற்கு உட்படுத்துகின்றன. காண்டல் துணுக்குகளாகத் தரப்படும்வரை பதற்றமும் பொருளும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. முழுக் காண்டல் நிகழ்ந்தபின் இரண்டும் ஒருங்கே தளர்கின்றன. ஆகவே இறுதிப் பகுதியின் தளர்ச்சி உருவ அமைப்பிலோ கதைத் தருக்கத்திலோ நேர்ந்ததன்று. படம் தானே வகுத்துக்கொண்ட அறிதல் முறையைக் கைவிட்டதால் நேர்ந்தது எனலாம். அளவைகளை மெய்ப்பொருளியலுக்கு மட்டும் உரியனவாகக் கொள்ளாமல், கதை எடுத்துரைப்பை ஆராயும் கருவிகளாகவும் கொள்வதற்கு இப்படம் ஒரு தொடக்கமாக அமையும். துப்பறியும் புதினம், பேய்க்கதை ஆகியவற்றிலும் இக்கருவியைப் பொருத்திப் பார்ப்பது மேலாய்விற்கு உரியது.