மரத்தில் விழும் நிழல்

இத்தாலியின் மார்க்கே பகுதியில் இருக்கும் உர்பினோவுக்கு ரயில் கிடையாது. கடற்கரை ஊரான பெசாரோவில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து உள்நாட்டுக் குன்றுகளுக்குள் ஏற வேண்டும். பஸ் நிற்கும் திடலிலிருந்து அண்ணாந்தால் நேர் மேலே அரண்மனை: இரண்டு ஒல்லியான கூர்முனைக் கோபுரங்கள், நடுவில் ஒன்றின்மேல் ஒன்றாக மாடங்கள். ஊர் முழுக்க ஒரே செங்கல் நிறம். குதிரையிலேயே மேலே போய்ச் சேரட்டும் என்று 15-ஆம் நூற்றாண்டில் பிரான்செஸ்கோ டி ஜார்ஜியோ கட்டிய சுழல் சாய்தளம் இன்றும் கொத்தளத்துக்குள் இருக்கிறது. அதன்வழியே ஏறிப் போவதுதான் இந்த ஊருக்குள் நுழைய அழகான வழி.

பெரும்பாலானோர் வருவது ஓவியர் ரஃபாயேலுக்காக. 1483-இல் அவர் பிறந்த வீடு ஒரு செங்குத்தான தெருவில் இருக்கிறது. அரண்மனைக்குள் பியரோ டெல்லா பிரான்செஸ்காவின் ‘கசையடி’ ஓவியம் இருக்கிறது; அகலம் ஒரு மீட்டர்கூட இல்லாத அந்தப் பலகையைப் பார்க்கவே கண்டம் விட்டுக் கண்டம் வருகிறவர்கள் உண்டு. வரத்தான் வேண்டும். ஆனாலும், உர்பினோவில் ஒன்றே ஒன்றைப் பார்க்கத்தான் நேரம் என்றால் எதைப் பார்ப்பது என்று என்னைக் கேட்டால், கோபுரங்களை ஒட்டி ஒளிந்திருக்கும் அந்தச் சின்னப் படிப்பறையைத்தான் சொல்வேன்.

அந்த அறைக்குச் சொந்தக்காரர், உர்பினோவை ஆண்ட ஃபெதரிகோ ட மோன்டெஃபெல்ட்ரோ, கூலிக்குப் போர் நடத்திய தளபதி. மிலான், நேப்பிள்ஸ், பிளாரன்ஸ், போப்பாண்டவர் என்று பலருக்கும் படை நடத்தினார். 1472-இல் அவர் பிடித்த வோல்டெர்ரா நகரம் கொடூரமாகச் சூறையாடப்பட்டது. போர் விளையாட்டொன்றில் வலக்கண் போனது. அவர் முகத்தை ஓவியர்கள் இடப்பக்கமாகவே வரைந்தது அதனால்தான். இந்தப் போர்ப் பணம்தான் அரண்மனையாகவும் புத்தகங்களாகவும் மாறியது. 1474-இல் டியூக் பட்டம் வந்தது. படிப்பறையின் சுவரில் பொறித்திருக்கும் ஆண்டு 1476.

பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடிகூட வராத அறை. உள்ளே நுழைந்ததும் சாமான்கள் நிறைந்த அலமாரிகள் சுற்றி நிற்பதாகத் தோன்றும். பின்னல் கதவுகள் சில பாதி திறந்திருக்கின்றன. உள்ளே புத்தகங்கள் குப்புறவும் குறுக்காகவும் கிடக்கின்றன. வானியல் கருவிகள், மெழுகுவர்த்தி, கூண்டுக்கிளி, யாரோ வாசித்துவிட்டு வைத்ததுபோல நரம்பு வாத்தியங்கள். விரித்து வைத்த இசை ஏட்டில் சுரக்குறிகள் அவ்வளவு தெளிவு. பாட்டு இன்னது என்று படித்து அடையாளம் சொல்லியிருக்கிறார்கள். கீழே பெஞ்சுகள், சிலவற்றின் பலகை மேலே தூக்கி மடக்கியபடி. கிட்டே போனால்தான் தெரியும்: அலமாரி, கதவு, பெஞ்சு எதுவுமே இல்லை. எல்லாம் தட்டையான சுவர். மரத்துண்டுகளை மரத்தில் பதித்த வேலை, இன்டார்சியா என்கிறார்கள்.

இதில் என்னைக் கட்டிப்போடுவது நிழல். பாதி திறந்த பின்னல் கதவின் ஒவ்வொரு சட்டத்துக்கும் உரிய நிழல், பின்னால் இருக்கும் பொருளின் வளைவுக்கு ஏற்ப வளைந்து விழுகிறது. ஓவியர் என்றால் தூரிகையால் கறுப்பைக் கொஞ்சம் குழைத்துத் தடவிவிடுவார். இங்கே தடவ எதுவும் இல்லை. நிழல் விழும் இடத்துக்கெல்லாம் ஒரு படி கருத்த மரத்தைத் தேடி, அந்த வடிவத்துக்கு வெட்டி, பக்கத்துத் துண்டோடு மயிரிழை இடைவெளி இல்லாமல் பொருத்த வேண்டும். நீண்ட கைப்பிடியைத் தோளில் அழுத்திப் பிடிக்கும் கத்தியால் வெட்டினார்கள். வால்நட் பலகையில் பள்ளம் தோண்டி, வச்சிரம் தடவிப் பதித்து, மேற்பரப்பைச் சீவிச் சமப்படுத்தினார்கள். வெளிறிய நிறத்துக்கு ஒரு மரம், கறுப்புக்குச் சதுப்பில் நெடுங்காலம் புதைந்து கருத்த ஓக், பச்சைக்குப் பூஞ்சணம் ஏறிப் பச்சையான மரம். மரத்தின் ரேகை ஓடும் திசையைத் திருப்பிவைத்தே ஒரு பரப்பை ஒளியில் காட்டவும் மங்கவைக்கவும் அவர்களால் முடிந்தது. பிளாரன்ஸ் மையானோ சகோதரர்களின் பட்டறை வேலை இது என்பது பொதுவான கருத்து. வரைபடம் கொடுத்தவர்களில் ஓவியர் போட்டிச்செல்லியும் ஒருவர் என்பார்கள். யார் வரைந்திருந்தாலும், அந்த வரைபடத்தை நம்பவைத்தது கத்தி பிடித்த கைதான்.

ஒரு சுவரில் தூண்களுக்கு நடுவே தூரத்துக் குன்றுகள் விரிகின்றன. முன்னால் கைப்பிடிச் சுவரின்மேல் ஒரு பழக்கூடை, பக்கத்தில் கொட்டையைக் கொறிக்கும் அணில். அணிலின் வாலில் மட்டும் எத்தனை சில்லுகள் என்று எண்ணப் பார்த்து விட்டுவிட்டேன். இன்னொரு மாடத்தில் கழற்றி மாட்டிய போர்க்கவசம். ஃபெதரிகோவும் இருக்கிறார், அறிஞர்போல நீண்ட அங்கி அணிந்து. கையில் ஈட்டி, முனை தரையைப் பார்த்தபடி. வோல்டெர்ராவை அறிந்தவரால் அந்த ஈட்டி முனையை எளிதில் கடந்துபோக முடியாது. தான் எப்படிப்பட்டவனாக இருக்க விரும்பினான் என்பதைக் காட்ட ஒரு மனிதன் தனக்காகவே செய்துவைத்த அறை இது. அந்த விருப்பம் உண்மையானது என்றே நான் நினைக்கிறேன்.

1631-இல் உர்பினோ போப்பாண்டவர் ஆட்சிக்குள் போனது. படிப்பறையின் மேல்பாதியில் இருந்த 28 அறிஞர் உருவப்படங்களைக் கழற்றிப் போனார்கள். அவற்றில் 14 இன்று பாரிஸின் லூவரில், 14 மறுபடி உர்பினோவில். இத்தாலியே பொறாமைப்பட்ட கையெழுத்துப் பிரதி நூலகம் 1657-இல் வத்திக்கானுக்குப் போய்ச் சேர்ந்தது. ஃபெதரிகோ புரட்டிப் படித்த புத்தகங்கள் இங்கே இல்லை. மரப் புத்தகங்கள் மட்டும் வைத்த இடத்திலேயே இருக்கின்றன.

மலையூரான கூபியோவில் இருந்த தன் இன்னொரு அரண்மனைக்கும் இதேபோல ஓர் அறையைச் செய்யச் சொன்னார் ஃபெதரிகோ. அது 1939-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு விலைபோனது. அதுவும் மிக நேர்த்தியான வேலை. பச்சை நிறத்துக்குப் பூஞ்சணம்தான் காரணம் என்பது அதை ஆராய்ந்தபோது உறுதியானது. எனக்கு உர்பினோதான். இங்கே அடுத்த கதவைத் திறந்தால் மாடம். அங்கிருந்து தெரிவது அதே மார்க்கே குன்றுகள். மரக் குன்றுகளைப் பார்த்த கண்ணோடு அவற்றைப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே போய் அணிலின் முன்னால் நிற்கலாம்.